மாமா சொன்ன "ம்ஹூம்"

நல்ல எண்ணத்தோடு செய்கிற காரியங்கள்தான் மனிதரை நாலு பேர் முன்னால் தலைகுனிய வைக்கின்றன. கெட்ட எண்ணத்தோடு செய்பவர்கள் எவ்வளவோ மேல். அவர்கள் கொஞ்சமாவது யோசித்துச் செய்கிறார்கள்.

நான் ஒரு நிக்காஹ்வை நடுவில் நிறுத்தியவள். அதுவும் என் சொந்த மாமனார் வலியாக உட்கார்ந்திருந்த நிக்காஹ்வை. (வலி என்றால் இங்கே நோவு இல்லை. மணப்பெண்ணின் சார்பில் "கொடுத்தேன்" என்று சபையில் சொல்கிற பொறுப்பாளர். அன்றைக்கு இரண்டு அர்த்தமும் பொருந்திப் போனது வேறு விஷயம்.)

இரண்டாயிரத்துக்குப் பிறகான அந்த வருஷங்களில் நான் செங்கல்பட்டில் ஒரு சர்க்கரை நோய் மருத்துவமனையின் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தேன். பிறந்த வீடு ஊரப்பாக்கம். படித்தது பயோகெமிஸ்ட்ரி. வாழ்க்கைப்பட்டது கல்பாக்கத்துக்குப் பக்கத்தில் புதுப்பட்டினம். கணவர் நவாஸுக்கு சிறுசேரியில் கம்ப்யூட்டர் வேலை. காலையில் அவர் ஆபீஸ் வேனில் வடக்கே போவார். நான் திருக்கழுக்குன்றம் வழியாகப் போகிற பஸ்ஸில் நின்றபடியே மேற்கே போவேன். கல்யாணமான புதிது. வீட்டில் எல்லோரிடமும் சிரித்துப் பேசுவேன், மாமாவைத் தவிர.

மாமாவிடம் யாருமே சிரித்துப் பேசியதில்லை. கடைத்தெருவில் ஆணி, பெயின்ட், பைப் விற்கும் கடை அவருக்கு. அங்கே ஊரில் அவரைக் காதர் பாய் என்பார்கள். ஆறடி உயரம், வெள்ளைத் தாடி, இடுப்பில் அகலமான பச்சை பெல்ட். நான் அந்த வீட்டுக்கு வந்து மாதக்கணக்கில் ஆகியும் என்னிடம் அவர் பேசியது, "தண்ணி", "குழம்பு", "ஃபேன்" என்ற அளவில்தான் இருந்தது. ஒருநாள் "உப்பு கம்மி" என்று இரண்டு வார்த்தை பேசினார். அதை நான் நவாஸிடம் பெரிய முன்னேற்றமாகச் சொன்னேன்.

அப்போதுதான் எங்கள் டாக்டரம்மா ஒரு புதுக் கருவியைக் கொண்டுவந்தார். சர்க்கரையை இடைவிடாமல் அளந்துகொண்டே இருக்கும் கருவி. இன்றைக்குப் பலர் கையில் நாணயம் மாதிரி ஒட்டிக்கொண்டு திரிகிறார்கள். அன்றைக்கு அது பழைய பேஜர் மாதிரி இருந்தது. மெல்லிய இழை ஒன்றை வயிற்றின் பக்கவாட்டில் தோலுக்கு அடியில் செருகிவிட வேண்டும். அதன் மேலே பட்டன் போல ஒரு சின்னப் பெட்டி. அது சில நிமிஷங்களுக்கு ஒருமுறை சர்க்கரை அளவை இடுப்பில் மாட்டிய பேஜருக்குச் சொல்லும். அளவு ரொம்ப இறங்கினால் பேஜர் கத்தும். கத்தல் என்றால் சாதாரணக் கத்தல் இல்லை. லாரி பின்னால் வரும்போது போடுமே, அந்த மாதிரி.

டாக்டரம்மாவுக்கு ஒரே கேள்விதான். இது சொல்வதை எவ்வளவு தூரம் நம்பலாம்?

"இது ரத்தத்தைத் தொடறதே இல்லம்மா," என்று எனக்கு விளக்கினார். "தோலுக்கு அடியில கசிஞ்சு இருக்கிற தண்ணியில உள்ள சர்க்கரையைத்தான் பார்க்குது. ரத்தத்துல ஏறினதும் இறங்கினதும் அங்க கொஞ்சம் தாமதமாத்தான் போய்ச் சேரும். அதனால கூடவே விரலையும் குத்தி மீட்டர்ல பார்க்கணும். ரெண்டும் எங்க ஒத்துப்போகுது, எங்க சண்டை போடுதுன்னு நமக்குத் தெரியணும்."

விரலைக் குத்துகிற வேலை எனக்கு. நான் அன்றைக்கே மனதுக்குள் விஞ்ஞானி ஆகிவிட்டேன். பஸ்ஸில் கண்டக்டர் சில்லறை கேட்டபோதுகூட ஒரு விஞ்ஞானியின் பொறுமையோடுதான் கொடுத்தேன்.

ஆனால் கருவியைப் போட்டுக்கொள்ள ஆள் கிடைக்கவில்லை. படாளத்திலிருந்து வந்த விவசாயி ஒருவர், "இத்தக் கட்டிகினு சேத்துல எறங்கலாமா?" என்று கேட்டார். கூடாது என்றதும் எழுந்து போய்விட்டார். ஓர் அம்மா, "நான் பேசறது எல்லாம் இதுல கேக்குமா?" என்று கேட்டுவிட்டு, கேட்காது என்று நான் சத்தியம் செய்தும் நம்பவில்லை. ஓய்வுபெற்ற ஓர் அதிகாரி மட்டும் உற்சாகமாக முன்வந்தார். மறுநாளே பின்வாங்கினார். "என் வீட்டுக்காரி இதையே பார்த்துட்டு இருப்பாம்மா. நான் நிம்மதியா ஒரு வடை சாப்பிட முடியாது."

இதையெல்லாம் ஒரு நாள் சாப்பிடும்போது நவாஸிடம் புலம்பிக்கொண்டிருந்தேன். எதிரே மாமா தலையைக் குனிந்தபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கையைக் கழுவிவிட்டு வந்தவர் என் முன்னால் நின்றார்.

"எனக்கு மாட்டு," என்றார்.

எனக்கு ஃபேனையா, விளக்கையா என்று புரியவில்லை. நவாஸ்தான் மெதுவாக, "அத்தா அந்த மெஷினைச் சொல்றார்," என்றார்.

மாமாவுக்கு வெகுநாளாகவே சர்க்கரை உண்டு. இன்சுலின் போட்டுக்கொண்டிருந்தார். எங்கள் மருத்துவமனையில் வேலை செய்கிறவளின் வீட்டு ஆள் என்று டாக்டரம்மா முதலில் தயங்கினார். மாமா நேரிலேயே வந்து எதிரில் உட்கார்ந்துவிட்டார். அந்த உட்காரலைப் பார்த்தால் யாரும் மறுக்க மாட்டார்கள். கருவி எதற்கு, எப்படி என்று டாக்டரம்மா நிதானமாக எடுத்துச் சொன்னார். மாமா எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். ஒரே ஒரு கேள்வி மட்டும் கேட்டார். "எறங்குனா கத்துமில்ல?"

"கத்தும்."

"அது போதும்."

ஏன் அது போதும் என்பது எனக்கு ஒரு காலையில் தெரிந்தது. வேலைக்குக் கிளம்பும் முன் தினமும் அவர் விரலைக் குத்த வேண்டும். மாமா வராந்தாவில் நாற்காலியில் உட்கார்ந்து, கையை நீட்டி, முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொள்வார். (ஆறடி மனிதர். ஊசிக்குப் பயம். யாரிடமும் சொல்லாதே என்று ஒருநாளும் சொன்னதில்லை. நானாகவே சொல்லவில்லை.) அன்றைக்கு முகத்தைத் திருப்பியபடியே பேச ஆரம்பித்தார்.

"என் தம்பி ஜாஃபருக்கும் சுகர்தான். சரக்கு எடுக்க வெளியூர் போனவன் பஸ் ஸ்டாண்டுல சுருண்டு வுழுந்துட்டான். சர்க்கரை எறங்கிப்போச்சி. ஒடம்பு தள்ளாடும், நாக்கு கொழறும் இல்ல? குடிச்சிட்டுக் கெடக்கறான்னு நெனச்சிகினாங்க. ஒருத்தரும் கிட்ட வரல. ஜென்மத்துல ஒரு சொட்டு தொடாதவம்மா அவன்."

நான் அவர் விரல் நுனியை மறுபடியும் துடைத்தேன்.

"இந்த மாதிரி ஒண்ணு அவன் இடுப்புல இருந்து கத்தியிருந்தா, யாராச்சும் இன்னான்னு திரும்பியாவது பாத்திருப்பாங்க." பிறகு விரலை ஆட்டினார். "குத்து. பஸ்ஸு போய்டும்."

அதன் பிறகு எங்களுக்குள் ஒரு பேச்சு வளர்ந்தது. நூற்றுப்பத்து, இருநூற்று நாற்பது என்று எண்ணில்தான் பேசிக்கொள்வோம். ஆனாலும் பேச்சுதான். கடையில் கருவி கத்தினால் வாடிக்கையாளர்கள் பதறுவார்களாம். "பயப்படாதே. இது என் மருமவ. எங்க போனாலும் என்னப் பாத்துகினே இருக்கும்," என்று மாமா பதில் சொல்வாராம். கடைச் சத்தத்தில் கேட்க வேண்டும் என்று கத்தலை உச்சத்தில் வைக்கச் சொன்னதும் அவர்தான். நான் வைத்துக் கொடுத்தேன். விஞ்ஞானி அல்லவா.

அந்தச் சமயத்தில்தான் ஜாஃபரின் மகள் ஷபானாவுக்குக் கல்யாணம் கூடியது. மாப்பிள்ளை மாமல்லபுரத்துக்காரர். அவருடைய அத்தா கடற்கரைப் பக்கம் சங்கும் சோழியும் விற்கிற கடை வைத்திருந்தார். நிக்காஹ் கோவளத்தில், கடலுக்குப் பக்கத்தில் ஒரு மண்டபத்தில். அப்பா இல்லாத பெண்ணுக்குப் பெரியத்தாதான் வலி. தம்பியின் இடத்தில் உட்காரப் போகிறோம் என்பது மாமாவைப் படுத்தியெடுத்தது. ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை. மாமி சொன்னார், "தூக்கத்துல கூட 'கொடுத்தேன், கொடுத்தேன்'னு சொல்லிகினே இருக்காரு. நான் இன்னாத்தக் கொடுத்தாருன்னு பயந்துட்டேன்."

கல்யாணத்துக்குக் கருவியைக் கழற்றிவிடலாம் என்று டாக்டரம்மா சொன்னார். மாமா ஒப்பவில்லை. "கல்யாண வூட்லதான் நேரத்துக்குச் சோறு கெடைக்காது. அங்கதான் எனக்கு பயம்."

சரியான பேச்சு. அதை மறுக்க எனக்கும் தோன்றவில்லை, டாக்டரம்மாவுக்கும் தோன்றவில்லை.

கல்யாணம் வைத்தது நல்ல வெயில் காலத்தில். கோவளத்தில் அன்றைக்குக் காற்று கடலைவிட்டு வெளியே வரவே இல்லை. மண்டபத்தில் வியர்க்காதவர் ஒருவர்கூடக் கிடையாது. மாமா பட்டுச் சட்டையும் வெள்ளைக் கைலியும் புதிதாக வாங்கிய பெல்ட்டுமாக மேடையில் உட்கார்ந்திருந்தார். காலையில் இன்சுலின் போட்டுக்கொண்டவர், நாஷ்டாவுக்கு வைத்த இடியாப்பத்தில் பாதியை அப்படியே விட்டுவிட்டுப் பந்தியைக் கவனிக்கப் போய்விட்டார். அதை நான் பார்த்துத் தொலைத்தேன்.

பெண்கள் பகுதிக்கும் ஆண்கள் பகுதிக்கும் நடுவே ஒரு திரை. திரையின் ஓரத்தில் ஒரு சின்ன இடைவெளி. அந்த இடைவெளியை நான் பிடித்துக்கொண்டேன். என் கண் மாமாவின் மேல்.

நிக்காஹ் நடத்திவைக்க வந்த ஹஜ்ரத் குத்பா உரையை ஓதி முடித்தார். சபை அமைதியானது. அவருக்கும் மாமாவுக்கும் நடுவே ஒரு மைக். ஹஜ்ரத் தொண்டையைச் செருமிக்கொண்டு வாயைத் திறந்தார்.

பீ... பீ... பீ... பீ...

மைக்கில் ஏறி ஸ்பீக்கரில் இறங்கிய அந்தச் சத்தத்தில் வெளியே கட்டியிருந்த ஆடு கத்தியது. "செல்போன அணைச்சி வைங்கப்பா!" என்றார் ஹஜ்ரத். எல்லோரும் ஜேபியைத் தடவினார்கள். மாப்பிள்ளையே தன் போனை எடுத்துப் பார்த்துவிட்டு வெட்கத்தோடு தோழனிடம் கொடுத்தார். முன்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர், எதற்கும் இருக்கட்டும் என்று காதில் மாட்டியிருந்த மெஷினை அணைத்துவிட்டார். சத்தம் நிற்கவில்லை.

அது செல்போன் இல்லை என்று அந்த மண்டபத்தில் உடனே புரிந்தது இரண்டே பேருக்குத்தான். ஒன்று நான். இன்னொருவர் மாமா. அவரோ அசையாமல் உட்கார்ந்திருந்தார். சபை நடுவில் சட்டையைத் தூக்கிப் பேஜரை அமுக்கக் கூச்சம் என்று பின்னால் தெரிந்தது. அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம் வேறு. அவர் நெற்றியில் வியர்வை. உதடு ஏதோ முணுமுணுக்கிறது. (கொடுத்தேன், கொடுத்தேன் என்றுதான்.) கண் ஒரே இடத்தில் நிலைகுத்தி நிற்கிறது. நான் படித்த பாடப்புத்தகத்தில் இருந்த அறிகுறிகள் எல்லாம் ஒவ்வொன்றாக எனக்குத் தெரிந்தன. ஒரு பஸ் ஸ்டாண்டும் தெரிந்தது.

நவாஸைத் தேடினேன். பிரியாணி தம் பிரிக்கிற இடத்தில் இருந்தார்.

"எங்க போற?" என்று மாமி என் முந்தானையைப் பிடித்தார். முந்தானை அவர் கையில் கொஞ்சம் நின்றது, பிறகு என்னோடு வந்துவிட்டது. திரையை விலக்கிக்கொண்டு ஆண்கள் நடுவே நான் ஓடினேன். அப்படி ஓடிய முதல் மருமகள் அந்தக் குடும்பத்தில் நான்தான். மேடைக்குக் கீழே மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவந்த தட்டுகள் இருந்தன. கற்கண்டு இருந்தது, பேரீச்சம்பழம் இருந்தது. புத்தியுள்ளவள் கற்கண்டை எடுத்திருப்பாள். நான் தம்ரூட்டை எடுத்தேன். ரவையும் நெய்யும் பாலும் சீனியும் சேர்த்து இறுகச் சுட்ட பண்டம். ஒரு துண்டை வாயில் போட்டால் பேச்சு நின்றுபோகும். நான் எடுத்தது துண்டு இல்லை. இன்னும் வெட்டாத ஒரு மூலை.

ஹஜ்ரத் எனக்கு முதுகு காட்டி, பதிவேட்டின் மேல் குனிந்தபடி உட்கார்ந்திருந்தார். சத்தம் ஓயாது என்று முடிவு செய்து, நேரம் போகிறதே என்று கேள்வியைக் கேட்டே விட்டார்.

"பாய், பொண்ணுக்கு வலி நீங்க. இந்த நிக்காஹ்ல உங்களுக்கு முழுச் சம்மதந்தானே?"

மாமா வாயைத் திறந்தார். நான் தம்ரூட்டைத் திணித்தேன்.

மைக்கில் வந்தது இதுதான்:

"ம்ஹூம்."

ஒரு கணம் மண்டபத்தில் கருவியின் சத்தம் மட்டும்தான். ஹஜ்ரத் நிமிர்ந்து பார்த்தார். "இன்னா பாய்? சம்மதமில்லையா?"

மாமா அவசரமாக மறுத்தார். அதாவது, இல்லை இல்லை, சம்மதம்தான் என்பதற்காகத் தலையை இப்படியும் அப்படியும் பலமாக ஆட்டினார். கையையும் சேர்த்து வீசினார். வாயிலிருந்து இரண்டாவது "ம்ஹூம்" வந்தது. கூடவே கொஞ்சம் ரவையும் வந்து ஹஜ்ரத்தின் தொப்பியில் உட்கார்ந்தது.

மாப்பிள்ளையின் அத்தா எழுந்துவிட்டார். "இன்னா பாய் இது! சபையில வெச்சி ம்ஹூங்கிறீங்க? என் புள்ளைக்கு இன்னா கொறச்சல்?"

ஸ்பீக்கர் பெண்கள் பகுதியிலும் இருந்தது. திரைக்குப் பின்னால், "பெரியத்தா வேணாம்னுட்டாராம்!" என்று ஒரு குரல். பிறகு அது நாலைந்து குரலானது. ஷபானா அழ ஆரம்பித்தாள். சமையல் கட்டில் நவாஸுக்கு இந்தச் செய்தி, "உங்க அத்தா மாப்பிள்ளைய அடிச்சிட்டாராம்" என்று போய்ச் சேர்ந்தது. அவர் கரண்டியோடு ஓடி வந்தார். கரண்டியோடு ஒருவர் ஓடி வருவதைப் பார்த்து மாப்பிள்ளை வீட்டு இளைஞர்கள் சிலர் எழுந்து நின்றார்கள்.

"சுகர்!" என்று நான் கத்தினேன். "மாமாவுக்கு சுகர் எறங்கிடுச்சு! எல்லாரும் உக்காருங்க!"

நான் அவ்வளவு சத்தமாகப் பேசுவேன் என்று எனக்கே தெரியாது. எல்லோரும் உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளையின் அத்தாகூட உட்கார்ந்தார். மாமாவின் இடுப்பிலிருந்து பேஜரை எடுத்துப் பார்த்தேன். நாற்பத்தெட்டு. எழுபதுக்குக் கீழே போனாலே ஆபத்து. பாருங்கள் என்று எல்லோருக்கும் காட்டினேன். பலருக்கும் ஒன்றும் புரியவில்லை. ஆனால் என் முகத்தைப் பார்த்து எல்லோரும் "அல்லாஹ்" என்றார்கள்.

அதோடு நிறுத்தியிருந்தால் நான் உயிரைக் காத்த மருமகளாக வீட்டுக்குப் போயிருப்பேன். ஆனால் நான் விஞ்ஞானி ஆயிற்றே. பையிலிருந்து மீட்டரை எடுத்து மாமாவின் விரலைக் குத்தினேன். சபை மொத்தமும் எட்டிப் பார்த்தது.

நானூற்றுப் பன்னிரண்டு.

"எறங்கிப்போச்சின்ன?" என்றார் மாப்பிள்ளையின் அத்தா. அவருக்கும் சர்க்கரை உண்டு, எண் புரியும். "நானூறுல கீற மனுஷனுக்கா தம்ரூட்ட ஊட்டுன?"

ஒரு மெஷின் உயிர் போகிறது என்கிறது. இன்னொரு மெஷின் ஏன் இனிப்பைக் கொடுத்தாய் என்கிறது. நடுவே மாமா கன்னம் உப்பிப்போய் மென்றுகொண்டிருந்தார். மென்றபடியே தன் விரலைத் தூக்கி என் முகத்துக்கு நேரே காட்டினார். விரல் நுனி பளபளத்தது. வாயிலிருந்து வழிந்த தம்ரூட்டை அந்த விரலால்தான் வழித்திருக்கிறார். நான் அளந்தது மாமாவின் ரத்தத்தை இல்லை, மாப்பிள்ளை வீட்டுத் தம்ரூட்டை.

குத்துவதற்கு முன் கையைக் கழுவ வேண்டும் என்று செங்கல்பட்டில் தினமும் எல்லோருக்கும் பாடம் எடுக்கிறவள் நான்.

தொழுகைக்கு முன் ஒலு செய்து கைகால் கழுவுகிற குழாயடிக்கு அவரை அழைத்துக்கொண்டு போனேன். சபையில் பாதி பேர் பின்னாலேயே வந்தார்கள். சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, வேறு விரலில் குத்தினேன். நூற்று முப்பத்தெட்டு.

ஒன்றுமே இல்லை. மனிதர் நன்றாக இருந்தார். வெயிலுக்கு வியர்த்திருக்கிறது, தம்பி நினைப்பில் கண் நிலைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

அப்படியானால் பேஜர் ஏன் கத்தியது? சட்டையைத் தூக்கிப் பார்த்தேன். புது பெல்ட். கல்யாணத்துக்கென்று இரண்டு ஓட்டை தள்ளி இறுக்கிப் போட்டிருந்தார். அது சரியாகத் தோலில் செருகிய சென்சாரின் மேல் ஏறி அழுத்திக்கொண்டிருந்தது. அழுத்திய இடத்தில் ரத்த ஓட்டம் குறைந்து, சர்க்கரையே இல்லை என்று கருவி முடிவு கட்டிவிட்டது. பெல்ட்டைக் கழற்றியதும் கொஞ்ச நேரத்தில் எண் தானாக மேலே ஏறியது. கைலிதான் கீழே இறங்கப் பார்த்தது. மாமா அதை ஒரு கையால் பிடித்துக்கொண்டார்.

நான் அந்தக் குழாயடியிலேயே உட்கார்ந்து அழுதேன். ஷபானா கல்யாணம் நின்றுவிட்டது, இனி அந்த வீட்டில் என் முகத்தை யாரும் பார்க்க மாட்டார்கள், நவாஸ் என்னை ஊரப்பாக்கத்தில் கொண்டுபோய் விட்டுவிடுவார் என்று வரிசையாகத் தோன்றியது. மாமா என்னைப் பார்த்தார். வாயைக் கொப்பளித்தார். கைலியைப் பிடித்தபடியே மேடைக்குப் போய் மைக்கின் முன்னால் நின்றார். நான் திரையோரம் ஒண்டிக்கொண்டேன்.

"எனக்கு முழுச் சம்மதம்," என்றார். "வாயில இனிப்பு இருந்திச்சி. அதான் அப்படி வந்திச்சி. சம்பந்தி மன்னிச்சிக்கணும்."

மாப்பிள்ளையின் அத்தா ஏதோ சொல்ல வாயெடுத்தார். மாமா கையமர்த்தினார்.

"இங்க என் தம்பி உக்காந்திருக்கணும். அவனுக்கு எறங்கனப்போ வாயில ஒரு கற்கண்டு போட ஆளில்ல. எனக்கு எறங்கவே இல்ல, அதுக்கே ஓடியாந்து ஊட்றதுக்கு ஒரு புள்ள கீது." மைக்கைக் கிட்டே இழுத்துக்கொண்டார். "அந்தப் புள்ளய யாரும் ஒண்ணும் சொல்லக் கூடாது. ஓதுங்க ஹஜ்ரத்."

அந்த ஆள் ஒரே மூச்சில் அவ்வளவு பேசி அவர் மனைவியே கேட்டதில்லை. திரைக்குப் பின்னால் மாமி மூக்கைச் சிந்தினார். சிந்திவிட்டு, "நல்லவேள, பிரியாணியத் திணிக்கல," என்றார்.

ஹஜ்ரத் தொப்பியைத் தட்டிவிட்டு மறுபடி ஆரம்பித்தார். மாமா ஒரு கையில் கைலியோடு, மறுகையால் மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு, "என் தம்பி மகளை உங்களுக்கு நிக்காஹ் செய்து கொடுத்தேன்," என்றார். பெண்ணுக்குத் தருவதாகச் சொன்ன மஹருக்கு மாப்பிள்ளை ஒப்புக்கொண்டார். அழுது முடித்திருந்த ஷபானா, இப்போது மறுபடி அழுதாள். அது வேறு அழுகை.

பிரியாணிக்குப் பிறகு யாரோ என் தோளைத் தட்டினார்கள். மாப்பிள்ளையின் அத்தா. முறைப்பாக நின்றார். "அந்த மீட்டரு கையில கீதா? எனக்கும் ஒண்ணு பாரு." கையைக் கழுவிக்கொண்டு வரச் சொன்னேன். அவருக்குப் பின்னால் ஒரு வரிசை சேர்ந்துவிட்டது. கடைசியாக, யாரும் பார்க்காதபோது, ஹஜ்ரத்தும் விரலை நீட்டினார். முன்பு எவ்வளவு தேடியும் கிடைக்காத ஆட்கள் எனக்கு அந்த ஒரு மத்தியானத்தில் கிடைத்தார்கள்.

ஆனாலும் மறுநாள் காலை நான் அறையைவிட்டு வெளியே வரவில்லை. வேலைக்கும் போக வேண்டாம், டாக்டரம்மா முகத்திலும் விழிக்க வேண்டாம் என்று படுத்துக்கிடந்தேன். வராந்தாவில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பிறகு இருமல். பிறகு இன்னும் பலமான இருமல்.

"இன்னா, இன்னிக்குக் குத்தலயா?"

போனேன். முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டு கையை நீட்டியிருந்தார். "கழுவிட்டேன்," என்றார். "ரெண்டு வாட்டி."

டாக்டரம்மா எல்லாவற்றையும் கேட்டு முடிக்கும்வரை சிரிக்கவில்லை. கேட்டு முடித்தபின் நிறுத்தவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இதைத்தாம்மா நாம தெரிஞ்சுக்க வேண்டியது. சும்மா உட்கார்ந்திருக்கிறவங்களை வெச்சு இதைப் பார்க்கவே முடியாது," என்றார். அன்றிலிருந்து கருவி மாட்டிக்கொள்கிற ஒவ்வொருவரிடமும், அந்த இடத்தில் பெல்ட்டோ பாவாடை நாடாவோ அழுத்தக் கூடாது, கத்தினாலும் பதறாமல் கையைக் கழுவி விரலைக் குத்திப் பாருங்கள், உடம்பு தள்ளாடினால் மட்டும் எதையும் பார்க்காமல் முதலில் இனிப்பைப் போடுங்கள் என்று சொல்வோம். ஏன் என்று யாராவது கேட்டால், டாக்டரம்மா என் பக்கம் கையைக் காட்டுவார்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் நான் கொஞ்சம் மானத்தோடு வயதாகியிருப்பேன். ஷபானாவின் கொழுந்தனாருக்கு நிக்காஹ் நடந்தபோது, பெண்ணின் வலியிடம் சம்மதம் கேட்பதற்கு முன் மாப்பிள்ளை வீட்டுக் குறும்புக்காரர் ஒருவர் அவர் வாயில் துளி தம்ரூட்டை வைத்து, "இப்ப சொல்லுங்க, ம்ஹூமா?" என்று கேட்டார். சபை சிரித்தது. அடுத்த கல்யாணத்திலும் வைத்தார்கள். அதற்கடுத்த கல்யாணத்தில் அதற்கென்று தனியாக வெள்ளித் தட்டு வந்தது. வருஷங்கள் போகப் போகக் கேலி தேய்ந்து தம்ரூட் மட்டும் நின்றது. இப்போதுள்ள பிள்ளைகள் அதை ஏதோ தலைமுறை தலைமுறையாக வருவது என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். வைக்காவிட்டால் பெண்ணுக்கு ஆகாது என்றுகூட ஒருத்தி என்னிடம் சொன்னாள். நான் வாயைத் திறக்கவில்லை.

சமீபத்தில் ஷபானாவின் மகளுக்கு நிக்காஹ். வலி பெண்ணின் அத்தாதான். ஆனாலும் குடும்பத்தின் மூத்தவர் என்று மாமாவையும் மேடையில் பக்கத்திலேயே உட்காரவைத்திருந்தார்கள். எண்பதைத் தாண்டிவிட்டார். வெள்ளித் தட்டு வந்ததும் வெளியூரிலிருந்து வந்த இளம் ஹஜ்ரத் குழம்பிப்போனார்.

"இது இன்னா வழக்கம்? நான் எந்த ஊர்லயும் பாத்ததில்லையே?"

மாமா தாடியைத் தடவிக்கொண்டார். சிரிப்பின் நிழல்கூட முகத்தில் இல்லை.

"ரொம்பப் பழைய வழக்கம் ஹஜ்ரத். எங்க வம்சத்துல மருமகதான் ஊட்டணும்."

சொல்லிவிட்டு, தனக்கும் ஒரு வாய் உண்டு என்பதைப் போல, என் பக்கம் திரும்பி வாயைத் திறந்தார். திரையை ஒதுக்கி எனக்கு வழிவிட்டார்கள். நான் எழுந்து போனேன். இந்த முறை துளிதான்.

"சம்மதந்தானே மாமா?" என்று கேட்டேன்.

மைக் பக்கத்தில் இருந்தது அவருக்குத் தெரியும். நன்றாக அதன் அருகே குனிந்துகொண்டுதான் சொன்னார்.

"ம்ஹூம்."